கடல் வரும் வழிகள்



பாடசாலை மாணவர் பயன்படுத்தும் தேசப்படத்தில் இலங்கையின் வடமுனையைப் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் ஒரே பச்சை நிறமாகத் தோன்றும். தாழ்ந்த சமநிலத்துக்குப் பச்சை, மலைக்குக் கபிலம் என்பது படம் வரைவோரின் வழக்கம். பருத்தித்துறைக்கும் அதே பச்சை. பண்ணைக் கரைக்கும் அதே பச்சை. தெல்லிப்பழைப் பக்கத்து மேட்டு நிலத்துக்கும் அதுவே. குடாநாட்டின் மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 10 மீற்றர்தான். அந்தப் 10 மீற்றருக்குள் அடங்கிய மேடு பள்ளங்களைக் காட்ட அப்படத்தில் இடமில்லை. ஆயினும் கடல் உயருங்கால் எவர் வீட்டு முற்றம் முதலில் நனையும் என்பதை முடிவுசெய்வன அம்மேடு பள்ளங்களேயாம்.

கடல் உயர்கின்றது என்பது ஊகமன்று. 1901 ஆம் ஆண்டுக்கும் 2018 ஆம் ஆண்டுக்கும் இடையில் உலகக் கடல்களின் சராசரி மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. 2006 முதல் 2018 வரையான காலத்தில் அது ஆண்டொன்றுக்கு 3.7 மில்லிமீற்றர் என்னும் வேகத்தை எட்டியது. இந்நூற்றாண்டின் முடிவில், உலகம் புகையைக் குறைத்துக்கொண்டால் சுமார் 30 முதல் 55 சென்ரிமீற்றர் வரையிலும், குறைக்காவிடின் ஒரு மீற்றர் அளவுக்கும் உயர்வு நேரலாம் என்று ஐக்கிய நாடுகளின் காலநிலை அறிஞர் குழு 2021 இல் கணித்தது. அரை மீற்றர் என்பது ஒரு முழத்துக்குச் சற்று மேல். கண்டி நகருக்கு அது ஒரு பொருட்டன்று. மண்டைதீவுக்கு அப்படியன்று.

ஆகவே, எந்தக் கரை எவ்வளவு இடருக்கு உட்பட்டது என்பதைப் படமாக வரையவேண்டும் என்ற கருத்து உலகெங்கும் எழுந்தது. 1991 இல் விவியன் கோர்னிற்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இதற்கு ஒரு முறை வகுத்தார். நிலத்தின் உயரம், கரை மணலா பாறையா என்ற தன்மை, கரை அரிக்கப்படும் வேகம், அலையின் உயரம், வற்றுப்பெருக்கின் வீச்சு முதலியவற்றுக்குத் தனித்தனியே ஒன்று முதல் ஐந்து வரை புள்ளியிட்டு, அப்புள்ளிகளைச் சேர்த்து ஒரு சுட்டெண்ணைப் பெறுவது அம்முறை. பின்வந்தோர் அதனைத் திருத்தினர். வற்றுப்பெருக்கின் வீச்சு மிகுந்த கரையே இடர் மிக்கது என்று அவர் கொண்டார். பத்தாண்டு கழியுமுன், அந்நாட்டுப் புவிச்சரித ஆய்வாளர் அதற்கு நேர்மாறாகப் புள்ளியிட்டனர். வீச்சுக் குறைந்த கரையில் கடல் எந்நேரமும் தன் பெருக்கு மட்டத்தை அண்டியே நிற்கும். ஆதலால் புயல் எப்பொழுது வந்தாலும் அதற்கு வாய்ப்பான வேளையே என்பது அவர்கள் வாதம். நம் நாட்டுக் கரைகளில் வற்றுப்பெருக்கின் வீச்சு ஒரு மீற்றருக்கும் குறைவு. எனவே, ஒரே கரை ஒரு கணக்கில் சிவப்பாகவும் மற்றொரு கணக்கில் பச்சையாகவும் தோன்றக்கூடும். நிறத்தைக் கண்டு மருளுமுன் அதனை இட்டவர் எதனை எண்ணி இட்டார் என்று கேட்பது நன்று.

உயரத்தை அளப்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2000 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்க விண்ணோடமொன்று ராடார் கொண்டு பூமியின் பெரும்பகுதியை அளந்தது. ஏழை நாடுகள் பலவற்றுக்கு நெடுங்காலம் அதுவே ஆதாரம். ஆனால் அந்த ராடார் கண்டது வெறுந்தரையை மட்டுமன்று. மரங்களின் தலைகளையும் கூரைகளையுங்கூடத்தான். பனங்கூடல் நிறைந்த நாட்டில் இதன் பயனை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். பனையின் உயரத்தில் ஒரு பகுதி நிலத்தின் கணக்கில் ஏறிவிடும்! இப்பிழையை நீக்கி 2019 இல் மீண்டும் கணக்கிட்டபோது, உலகில் கடலேற்றத்துக்கு உட்படக்கூடிய மக்களின் தொகை முன்னைய மதிப்பீட்டின் மும்மடங்காயிற்று.

கோட்டைத் தவறாக இடுவதன் விளைவை நாம் அறியாதவரல்லர். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர், கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கு கிழக்கின் பெரும்பகுதியில் 200 மீற்றர் என வீடு கட்டலாகாத எல்லை வகுக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆயினும் தூரத்தை மட்டும் அளக்கும் நாடாவுக்கு மேடும் பள்ளமும் ஒன்றே. பவளப்பாறை வெட்டியகற்றப்பட்டிருந்த பெரலியவில் கடல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் உட்புகுந்து, புகையிரதத்தையே புரட்டியது. அங்கிருந்து சில கிலோமீற்றர் தெற்கே, பவளப்பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் நீர் சென்றது 50 மீற்றரளவுதான். அவ்விரண்டுக்கும் ஒரே 100 மீற்றர் எல்லை! வள்ளமும் வலையும் கரையிலிருக்கத் தாம் மட்டும் உள்ளே குடியேறவேண்டும் என்றபோது, கடற்றொழிலாளர் மனம் கசந்ததில் வியப்பில்லை.

குடாநாட்டைப் பொறுத்தவரை வேறொரு சிக்கலும் உண்டு. இங்கே கடல் கரையைத் தாண்டித்தான் வரவேண்டுமென்பதில்லை, காலடியிலிருந்தும் வரும். நமது நிலம் துளைகள் மலிந்த சுண்ணாம்புக்கல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இங்கில்லை. மாரி மழை கல்லினூடு இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கின்றது. அதையே கிணற்றில் அள்ளுகிறோம். புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர்: மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே நாற்பதடிவரை உவரைத் தள்ளி நிற்கும் என்பது கைபென், ஹேர்ஸ்பேர்க் என்னும் இருவர் கண்ட விதி. இவ்விதியை மறுபுறம் திருப்பிப் பாருங்கள். கடல் ஓரடி உயர, நன்னீரும் அதனோடு உயர இடமின்றித் தாழ்நிலத்தில் வழிந்தோடிவிடுமாயின், நாம் இழப்பது ஓரடியன்று, நாற்பதடி. துலா மிதித்த காலத்தில் அளவோடு இறைத்தோம். இயந்திரத்துக்கு அந்த அளவு தெரியாது. வெங்காயத் தோட்டம் உவர்ப்பால் கருகும் நாளில், அவ்வீட்டு வாசலில் ஒரு துளி கடல்நீரும் வந்திராது. உயரத்தை மட்டும் காட்டும் படத்தில் அத்தோட்டம் இடரற்ற நிலமாகவே நிறந்தீட்டப்பட்டிருக்கும்.

மூன்றாவது வழி முதுகுப்புறம். யாழ்ப்பாணக் கடனீரேரியும் உப்பாறும் தொண்டைமானாறும் குடாநாட்டை ஊடறுத்துக் கிடக்கின்றன. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உள்ள தடுப்பணைகள், வெளிக்கடலின் உவர்நீரை மறித்து, மாரி வெள்ளத்தை மட்டும் வெளியேற்றுவதற்கென அமைந்தவை. உள்ளே நீர் உயர்ந்தும் வெளியே கடல் தாழ்ந்தும் நின்றால்தான் கதவைத் திறந்து பயனுண்டு. கடல் உயர உயர அந்த வேறுபாடு சுருங்கும். வெள்ளம் வடிய நாட்கள் கூடும். 2008 நவம்பரில் நிஷா புயலின் மழை குடாநாட்டை மூழ்கடித்தபோது நின்றது கடல்நீரன்று. வடிய வழியற்ற மழைநீரே. இவ்வாறான வெள்ளத்தையும் கடலேற்றத்தின் கணக்கில் சேர்க்காத படம் குறைபட்ட படமென்பேன்.

இக்குறையை நிரப்பும் விபரங்கள் செய்மதியில் இல்லை, ஊரில் உள்ளன. 2008 இல் நீர் எந்தச் சுவரில் எந்தக் கல்வரை நின்றது, 1964 டிசம்பர்ச் சூறாவளியில் கடல் எந்த ஒழுங்கையால் ஏறியது, எந்த மதகை மறித்து மதில் எழுந்துள்ளது, எந்தக் கிணறு எம்மாதத்தில் உவர்க்கின்றது என்பவற்றை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்களைக் கேட்டு, இடத்தைத் தேசப்படத்தில் குறித்து, மட்டத்தை அளந்து பதிவது உயர்தர வகுப்பில் புவியியல் கற்கும் மாணவருக்கு இயலாத காரியமன்று. கிணற்று நீரின் மட்டத்தை அளக்க ஒரு கயிறு, உவர்ப்பை அளக்கச் சிறு மின்கருவியொன்று, எழுதிவைக்க ஓர் அப்பியாசக் கொப்பி, இவை போதும். அளப்பதாயின் ஐப்பசி மழை விழுமுன், புரட்டாதியில் அளத்தல் வேண்டும். நீர் மிகத் தாழ்ந்தும் உவர்ப்பு மிகுந்தும் நிற்கும் காலம் அதுவே.