நாணயப் பொறிகளின் விளையாட்டு



விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் நீங்கள் பந்தையும் மட்டையையும் நினைத்திருப்பீர்கள். நான் சொல்லப்போகும் விளையாட்டிலும் பந்து உண்டு. ஆனால் அது கையில் அகப்படாது. மட்டையும் உண்டு; அதைத் தூக்க இயலாது. இரண்டும் கண்ணாடித் திரையில் தோன்றும் ஒளித்துண்டுகளே. பொறியினுள் ஒரு நாணயத்தை இட்டால் அவை உயிர்பெற்று ஓடத் தொடங்கும்.

1972-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் அடாரி என்னும் நிறுவனத்தைச் சேர்ந்த ஆலன் ஆல்கார்ன் என்ற பொறியாளர் 'பாங்' என்னும் ஆட்டத்தை அமைத்தார். கலிபோர்னியாவில் சன்னிவேல் என்ற ஊரின் மதுச்சாலை ஒன்றில் முதற்பொறி வைக்கப்பட்டது. சில நாட்களில் அது பழுதாயிற்றென்று செய்தி வந்தது. ஆல்கார்ன் சென்று திறந்து பார்த்தார். உள்ளே நாணயங்கள் நிரம்பி வழிந்து பொறியை அடைத்துக்கொண்டிருந்தன!

மக்களை இவ்வளவு ஈர்த்தது எது? மட்டையை எட்டுப் பகுதிகளாகக் கொண்டார் ஆல்கார்ன். நடுவிற் பட்ட பந்து நேராகத் திரும்பும். ஓரத்திற் பட்டது சாய்ந்து விரையும். ஆகவே பந்தைத் தடுத்தல் மட்டும் போதாது. எங்கே தடுப்பது என்பதையும் ஆடுவோர் எண்ண வேண்டும். மின்சுற்றிலிருந்த ஒரு குறையால் மட்டை திரையின் உச்சிவரை எட்டவில்லை. அக்குறையை அவர் நீக்காமலே விட்டார். நீக்கியிருந்தால், வல்லவர் இருவர் முடிவின்றி ஆடிக்கொண்டே இருப்பர் அல்லவா?

குறையே சுவையாக மாறிய மற்றொரு கதை ஜப்பானில் நிகழ்ந்தது. 1978-இல் டைட்டோ நிறுவனத்தின் தொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் ஆட்டத்தை ஆக்கினார. வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசைகளில் 55 வேற்றுலக உயிர்கள் மேலிருந்து இறங்கி வரும். கீழே நம் பீரங்கி. அக்காலக் கணிப்பொறியால் அத்தனை உருவங்களையும் ஒரே கணத்தில் நகர்த்த முடியவில்லை. நொடியின் அறுபதில் ஒரு பங்கில் ஒன்றை மட்டுமே நகர்த்திற்று. எனவே படை முழுவதும் ஓரடி வைக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். சுட்டு வீழ்த்த வீழ்த்த எண்ணிக்கை குறையும், வேகம் கூடும். எஞ்சிய ஒன்றோ பேய்போல் ஓடும். நிஷிகாடோ இதைக் கண்டார். ஆட்டத்திற்கு இது அழகென்றே விட்டுவிட்டார்.

டோக்கியோ நகரில், பழைய பொறிகளைப் பேணிவைத்துள்ள கூடம் ஒன்றில் இவ்வாட்டத்தை நான் முதன்முதலாக ஆடினேன். விரல் நோகச் சுட்டேன். மூன்று நிமிடத்திற்குள் மூன்று பீரங்கிகளையும் இழந்தேன். முதுமையால் கை மந்தமாயிற்றென்று என்னையே நொந்துகொண்டேன். அடுத்த பொறியில் ஒரு சிறுவன் ஆடிக்கொண்டிருந்தான். அவன் என்னைவிட விரைந்து சுடவில்லை; அரிதாகவே சுட்டான். அவன் உதடுகள் மட்டும் அசைந்தன. அவன் எண்ணிக்கொண்டிருந்தான்!

ஆட்டம் முடிந்தபின் கேட்டேன். தனக்குத் தெரிந்த சிறிதளவு ஆங்கிலத்தில் அவன் விளக்கினான். திரையின் மேற்புறம் அவ்வப்போது ஒரு மர்மக் கலம் கடந்து செல்லும். அதை ஒரு சுற்றின் 23-ஆவது குண்டால் வீழ்த்தினால் 300 புள்ளி. பிறகு ஒவ்வொரு 15-ஆவது குண்டுக்கும் அவ்வாறே. மேலும், நம் குண்டு ஒன்று திரையில் இருக்கும்வரை அடுத்ததைச் சுட இயலாது. குறி தவறினால் அது உச்சியை அடையும்வரை நாம் நிராயுதபாணி. படையின் ஓரத்து வரிசைகளை முதலில் அழித்தால், அது பக்கச் சுவரை எட்ட அதிக நேரம் பிடிக்கும். சுவரை எட்டினால்தானே ஒருபடி கீழே இறங்கும்? எனக்குக் குறைந்தது கைவேகமன்று, கவனமே என்று அப்போது உணர்ந்தேன்.

1980-இல் நாம்கோ நிறுவனத்தின் தோரு இவதானி அளித்த 'பேக்-மேன்' இதற்கு மேலும் சான்று. அங்கே நான்கு பூதங்கள் நம்மைத் துரத்துகின்றன. சிவப்புப் பூதம் நேரே நம்மை நாடும். இளஞ்சிவப்புப் பூதம் நாம் செல்லும் திசையில் சற்று முன்னே குறிவைக்கும். ஆரஞ்சுப் பூதம் தொலைவில் இருக்கையில் துரத்தும். அருகில் வந்ததும் தன் மூலைக்கு விலகும். குணம் தெரியாதவனுக்கு அவை கொடியவை. தெரிந்தவனுக்கு அவை கணக்குகள்.

மாணவர்களே, ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இப்பொறிகள் நம்மை வெல்லவிடுவதற்காக அமைந்தவை அல்ல. ஒரு படை அழிந்தால் மறுபடை வரும். சில நிமிடங்களில் நாம் தோற்று அடுத்த நாணயத்தை இடவேண்டும் என்பதே வணிகத்தின் கணக்கு. இதை அறியாமல் நாணயத்தையும் பொழுதையும் கொட்டியவர் பலர். அன்று என் பையிலிருந்த நாணயங்களும் அவ்வாறே போயின. அச்சிறுவனோ ஒரே நாணயத்தில் நெடுநேரம் நின்றான். இறுதியில் தோற்றபோது சிரித்துக்கொண்டே வீட்டிற்குப் புறப்பட்டான்.

நீங்கள் இத்தகைய பொறியின் முன் நிற்க நேர்ந்தால், நாணயத்தை இடுமுன் சற்று நேரம் பிறர் ஆடுவதைப் பாருங்கள். உள்ளே எந்த விதி இயங்குகிறதென்று உங்களையே கேளுங்கள். அது பிடிபட்டபின் ஆடுங்கள். பிடிபடாவிட்டால் நாணயம் பையிலேயே இருக்கட்டும்.