மரதன் ஓட்டமும் நாம் குறிக்கும் நேரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)





சித்திரைப் புத்தாண்டு பிறந்துவிட்டால் நமது மஸ்கெலியாப் பகுதியில் மரதன் ஓட்டம் இல்லாத விளையாட்டு விழாவைக் காண்பது அரிது. வழுக்குமரமும் கயிறிழுத்தலும் தலையணைச் சண்டையும் எப்படியோ அப்படியே மரதனும். தோட்டத்துக் கோயிலடியிற் புறப்பட்டு, தொழிற்சாலையைச் சுற்றி, கடைத்தெருவைத் தொட்டுத் திரும்பினால் மரதன் முடிந்தது என்கிறோம். ஐந்து கிலோ மீற்றரும் நமக்கு மரதன்தான், எட்டும் மரதன்தான். முதலாவதாக வந்தவருக்கு ஒரு கேடயம், அடுத்த இருவருக்கும் பரிசு. நாலாவதாக வந்தவர் யார் என்று கேட்டால் ஒலிபெருக்கி பிடித்தவருக்கும் தெரியாது.

மெய்யான மரதன் 42 கிலோ மீற்றரும் 195 மீற்றரும் ஆகும். இந்த ஒற்றைப்படைக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 1896இல் ஏதென்ஸ் நகரில் முதலாவது நவீன ஒலிம்பிக் விழா நடந்தபோது தூரம் சுமார் 40 கிலோ மீற்றர்தான். ஸ்பிரிடொன் லூயிஸ் என்னும் கிரேக்கர் அதனை மூன்று மணி நேரத்துக்குள் ஓடி வென்றார். 1908இல் இலண்டனில் வின்ட்சர் அரண்மனையிலிருந்து புறப்பட்டு, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தினர் அமர்ந்திருந்த மேடைக்கு முன்னே முடியும்படி பாதை வகுத்தார்கள். அது 26 மைல் 385 யார் ஆயிற்று. 1921இல் அதுவே உலகெங்கும் நிலையான தூரம் என்று முடிவாயிற்று. அரசர் வீட்டுக்காக அளந்த தூரத்தையே இன்று உலகத்துக் குடிமக்கள் எல்லோரும் ஓடுகிறார்கள் என்பது ஒரு வேடிக்கை.

2023இல் சிக்காகோ நகரில் கென்யா நாட்டு இளைஞர் கெல்வின் கிப்டம் இதனை 2 மணி நேரமும் 35 விநாடிகளும் கொண்டு ஓடினார். ஒரு கிலோ மீற்றருக்கு 2 நிமிடம் 52 விநாடிகூட இல்லை. அத்தகையோரைப் பற்றிப் பேச நாம் இங்கு எழுந்து நிற்கவில்லை. பெரிய நகரங்களின் மரதன்களில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் பேர் ஓடுகின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் தாம் வெல்லப் போவதில்லை என்று நன்கு தெரிந்தே பணங் கட்டிப் பெயர் பதிகிறவர்கள். எதற்காக? ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு வருகிறார்கள். ஒருவருக்கு மூன்றரை மணி நேரம், இன்னொருவருக்கு ஐந்து. மிசன் பாடசாலையிலே படித்த காலத்தில், பந்தயத்தில் பலர் ஓடினாலும் பரிசு பெறுகிறவன் ஒருவனே என்ற பவுலடியாரின் உவமையை வேத பாடத்திற் கேட்டிருக்கிறோம். அவர் கண்ட பந்தயம் அப்படி. இந்தப் பந்தயத்தில் நாற்பதாயிரம் பேருக்கும் நாற்பதாயிரம் பரிசு இருக்கலாம்.

இங்கேதான் பெரியவர்கள் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார்கள். “நாள் முழுவதும் மலையேறி இறங்குகிற சனத்துக்கு ஓட்டம் எதற்கடா?” என்கிறார்கள். நியாயமான கேள்வி. நமது முன்னோர் 1820களுக்குப் பின் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடந்தே வந்தவர்கள். கொள்ளை நோயிலும் பசியிலும் வழியிலே மாண்டவர் பலர். ஐந்து மரதன் தூரத்துக்கும் அதிகமான வழியை, தலையிற் சுமையோடும் இடுப்பிற் பிள்ளையோடும் கடந்தவர்களின் பேரப் பிள்ளைகள், பணங் கொடுத்துச் சப்பாத்து வாங்கிக் கொண்டு வெறுமனே ஓடுகிறார்கள் என்றால் சிரிப்பு வருவது இயல்புதான்.

ஆனால் தோட்டத்திலே நேரமும் அளவும் யாருடைய கையில் இருந்தன என்று சிறிது எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் தப்படித்து எழுப்பினார்கள். பெரட்டுக்குப் பிந்தினால் வேலையில்லை என்றார்கள். எத்தனை கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேர் என்பதைத் தோட்டத்துக்குத் தோட்டம் நிருவாகமே தீர்மானிக்கிறது. ஓரிடத்தில் 16, வேறோரிடத்தில் 18, இன்னோரிடத்தில் 20. நிறுவையில் அது குறைந்தால் அரைப் பேர். மழையென்றும் அட்டைக் கடியென்றும் கொழுந்தில்லா மலையென்றும் தராசு கணக்குப் பார்ப்பதில்லை. நமது தாய்மார் நாற்பது ஆண்டுகள் ஓர் அளவுக்குப் பின்னே ஓடியிருக்கிறார்கள். அந்த அளவை ஒரு நாளாவது அவர்கள் தாமாக வைத்ததில்லை.

மரதன் ஓடுகிறவன் குறிக்கும் நேரம் அவனே வைத்த அளவு. கூடுதலாக வைத்தாலும் குறைத்து வைத்தாலும் கேட்பாரில்லை. எட்டாவிட்டால் அரைப் பேர் போடுவாருமில்லை. தன் உடலைத் தானே அறிந்து, தனக்கொரு கணக்கைத் தானே வைத்து, அதற்குத் தானே நேர்மையாகப் பதில் சொல்லும் பழக்கம் நமது சமூகத்துப் பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டியதென்று எண்ணியே நாங்கள் சிலர் இதில் இறங்கினோம். கொழும்பு மரதனை 4 மணி 30 நிமிடத்தில் முடிப்பதென்று குறித்திருக்கிறோம்.

அந்த நான்கரை மணி எங்கிருந்து வந்தது? ஆசையிலிருந்து வந்ததன்று. பீற்றர் ரீகல் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1981இல் வெளியிட்ட ஒரு சூத்திரம் உண்டு. தூரம் இரட்டிக்கும்போது நேரம் இரட்டிப்பதோடு நில்லாமல் சற்று மேலும் கூடும் என்பதே அதன் சாரம். அதன்படி அரை மரதன் நேரத்தை 2.085ஆற் பெருக்கினால் முழு மரதன் நேரம் கிட்டும். பல்கலைக்கழகத்தருகே சமதரைப் பாதையில் நாங்கள் அரை மரதனை 2 மணி 5 நிமிடத்தில் ஓடினோம். சூத்திரம் 4 மணி 21 நிமிடம் என்றது. கொழும்பின் புழுக்கத்துக்கு ஒன்பது நிமிடம் ஒதுக்கினோம். கிலோ மீற்றருக்கு 6 நிமிடம் 24 விநாடி என்ற கணக்கு அது. பத்தாவது கிலோ மீற்றரில் 64 நிமிடம், முப்பதாவதில் 3 மணி 12 நிமிடம்.

அந்தப் புழுக்கத்தை மலைநாட்டார் எளிதாக எண்ணலாகாது. மஸ்கெலியா கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் உள்ளது. மூடுபனியில் நல்லதண்ணிப் பாதையில் ஓடிப் பழகிய உடம்பு, விடியற்காலையிலேயே 25 பாகை சூடும் ஈரக் காற்றுமுள்ள கொழும்பில் வேறோர் உடம்பாகிவிடும். வியர்வை காயாது; உடற் சூடு ஏறும்; நெஞ்சு படபடக்கும். ஏற்றத்தில் மூச்சைப் பழக்கலாம் என்பது உண்மை. இறக்கமோ தொடைத் தசையை நோகச் செய்யும். சிவனொளிபாத மலைக்குப் போய் வந்தவர் எவரைக் கேட்டாலும், ஏறிய நாளை விட இறங்கிய மறுநாளே படிக்கட்டில் கால் வைக்க முடியவில்லை என்பார்.

முப்பதாவது கிலோ மீற்றருக்கு அப்பால்தான் மரதனின் மெய்ச் சோதனை. நிறை ஒரு கிலோவுக்கு, தூரம் ஒரு கிலோ மீற்றருக்கு, ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ நிறையுள்ளவருக்கு 42 கிலோ மீற்றருக்கு 2,500 கலோரி வேண்டும். தசையிலும் ஈரலிலும் சர்க்கரைச் சத்தாகச் சேமித்திருப்பதோ 2,000 அளவே. மிகுதி கொழுப்பிலிருந்து மெதுவாகத்தான் வரும். தொடக்கத்தில் வேகமாக ஓடினவனுக்குச் சேமிப்பு சீக்கிரம் கரைந்து, முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையே கால் கல்லாகிவிடும். ஆகவே வழியிற் சர்க்கரை சேர்ந்த பானமோ வாழைப்பழமோ எடுக்க வேண்டும். தண்ணீரை மட்டும் குடங்குடமாகக் குடிப்பதும் ஆபத்து. 2002இல் பொஸ்டன் மரதன் முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதத்தினருக்கு உப்புச் சத்து அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

ஆரம்பத்தில் யார் அவசரப்படுகிறார்கள் தெரியுமா? 2015இல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்காவின் 14 மரதன்களில் ஏறத்தாழ 92 ஆயிரம் ஓட்டங்களைக் கணக்கெடுத்தது. பிற்பாதியில் ஆண்களின் வேகம் 15.6 சதவீதம் குறைந்தது; பெண்களுடையது 11.7 சதவீதமே குறைந்தது. நிதானம் யாரிடம் கூட என்று வீட்டிலே நடக்கும் வாதத்துக்குச் சகோதரிகள் இதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சகோதரிகள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நமது புத்தாண்டு மரதன் பெரும்பாலும் ஆண்களுக்கே. பெண் பிள்ளைகளுக்குத் தேசிக்காய்க் கரண்டி ஓட்டம். இந்தப் பயம் நமக்கு மட்டும் உரியதன்று. 1967இல் பொஸ்டன் மரதனில் கத்ரின் சுவிற்சர் என்னும் மாணவி எண் அணிந்து ஓடியபோது, போட்டி அதிகாரி ஒருவரே பாய்ந்து அந்த எண்ணைப் பறிக்க முயன்றார். ஒலிம்பிக்கில் பெண்கள் மரதன் 1984 வரை இல்லை. அவ்வாண்டு ஜோன் பெனொயிற் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் ஓடினார். 1952க்கு முன் ஒலிம்பிக் மரதன் வென்ற எந்த ஆணும் அந்த நேரத்தைத் தொட்டதில்லை. இருபது கிலோ கொழுந்தைச் சுமந்து செங்குத்து மலையில் இறங்கும் பெண்ணுக்குத் தெருவில் ஓடப் பலமில்லை என்று நாம் எந்த வாயாற் சொல்வது?

வெறுங்காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960இல் ரோம் நகரில் எதியோப்பியரான அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி 2 மணி 15 நிமிடத்தில் வென்ற கதையை மேடைதோறும் கேட்கிறோம். நமது பிள்ளைகளும் வெறுங்காலிலே ஓடட்டும் என்று அதை வைத்து முடித்துவிடுகிறார்கள். அவரே 1964இல் தோக்கியோவில் சப்பாத்து அணிந்து ஓடி, மூன்று நிமிடம் விரைவாக, 2 மணி 12 நிமிடத்தில் மறுபடியும் வென்றார் என்ற பிற்பாதியைச் சொல்வாரில்லை. இல்லாமையைப் பெருமையாக்குவது மேடைக்கு மலிவாக இருக்கலாம், காலுக்கு அப்படியில்லை.

குறித்த நேரம் கிட்டாமற் போனால் என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. 97 இலட்சத்துக்கும் அதிகமான மரதன் நேரங்களைத் தொகுத்த ஓர் ஆய்வு 2017இல் வந்தது. மூன்று, மூன்றரை, நாலு மணி என்ற முழு எண்களுக்குச் சற்று முன்னே முடிப்போர் கூட்டமாக நிற்கிறார்கள். சற்றுப் பின்னே ஆட்கள் குறைவு. மணிக் கூட்டின் ஒரு எண்ணுக்காக மனிதன் கடைசி இரண்டு கிலோ மீற்றரில் உயிரைக் கொடுத்து ஓடுகிறான் என்பது அதன் பொருள். அது நன்றுதான். ஆனால் அந்த எண்ணே நமக்குப் புதிய கங்காணியாகிவிடவும் கூடும். நாலரை மணி தவறிவிட்டதென்று நாற்பதாவது கிலோ மீற்றரில் பாதையோரம் உட்கார்ந்துவிடுகிறவனுக்கு அவனே அரைப் பேர் போட்டுக்கொள்கிறான்.

நம் நாட்டவரான கருணானந்தாவை இங்கு நினைக்க வேண்டும். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில், இலங்கை இராணுவத்தைச் சேர்ந்த அவர் 67ஆம் எண் அணிந்து 10,000 மீற்றர் ஓட்டத்திற் கலந்துகொண்டார். வென்றவர் முடித்து, மற்றவர் யாவரும் முடித்து, களம் வெறிச்சோடிய பின்னும் அவருக்குச் சுற்றுக்கள் மிஞ்சியிருந்தன. முதலிற் சிரித்த சனம், அவர் நில்லாமல் ஓடுவதைக் கண்டு மௌனமாயிற்று. கடைசிச் சுற்றில் எழுந்து கரகோஷம் செய்தது. யப்பானியர் அவர் கதையைப் பாடசாலைப் புத்தகத்திற் சேர்த்தார்கள். அன்று வென்றவரின் பெயர் பில்லி மில்ஸ். அவருடைய நேரம் அன்றைக்கு ஒலிம்பிக் சாதனை. கருணானந்தாவின் நேரம் பலருக்கும் நினைவில்லை. அவர் ஓடி முடித்தார் என்பது நினைவிருக்கிறது.

நமது பக்கத்திலும் ஓடுகிறவர்கள் இல்லாமலில்லை. ஹட்டன் பகுதித் தோட்டத்திலிருந்து சென்ற குமார் சண்முகேஸ்வரன் நெடுந்தூர ஓட்டங்களில் தேசிய மட்டத்திற் பெயர் பெற்றதை அறிவீர்கள். அவர் போன்றோர் புறப்பட்ட மண்ணில், எத்தனை பிள்ளைகள் நாலாவதாகவும் நாற்பதாவதாகவும் வந்து, நேரம் எழுதப்படாமலே வீடு திரும்பியிருப்பார்கள்?

ஆதலால் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். வருகிற சித்திரையில் நமது ஓட்டத்துக்குப் பாதையை அளந்து பத்துக் கிலோ மீற்றராக வைப்போம். ஆண்களும் பெண்களும் அதே பாதையில் ஓடட்டும். புறப்படுமுன் ஒவ்வொருவரும் தாம் குறித்த நேரத்தைப் பெயருக்கு எதிரே எழுதிக் கொடுக்கட்டும். முடிந்ததும் கடைசி ஆள் வரை எல்லோருடைய நேரத்தையும் பக்கத்தில் எழுதி, கோயில் மண்டபச் சுவரிற் பலகையாகத் தொங்கவிடுவோம். முதல் மூவருக்குக் கேடயம் வழமைபோல இருக்கட்டும். அடுத்த ஆண்டு அதே பிள்ளை வந்து, தன் பெயரைத் தேடி, தன் பழைய நேரத்தைப் பார்த்து ஓடுவதற்கு அந்தப் பலகை வேண்டும்.

பெரிய மரதன்களுக்கும் பாதையை அளப்பது சைக்கிளாலேதான். தெரிந்த தூரத்தை முதலில் ஓட்டி, சில்லு எத்தனை சுற்றுச் சுற்றுகிறதென்று எண்ணி, அக்கணக்கிலே மிகுதியை அளப்பார்கள். காற்றுக் குறையாத சில்லுள்ள ஒரு சைக்கிள், முந்நூறு அடி அளவு நாடா ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களோடு வரக்கூடிய ஒரு பெரியவர், இவ்வளவும் கிடைத்தால் அடுத்த வாரமே வேலையைத் தொடங்கலாம். நேரம் பார்க்கும் மணிக் கூடு எங்களிடம் இருக்கிறது.