ஹைட்ரஜன் பேருந்து: ஓடுவது மட்டும் போதுமா?

கரும்புகைக்குப் பதிலாக நீராவியை மட்டுமே வெளியேற்றும் பேருந்து என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஹைட்ரஜன் பேருந்து அப்படிப்பட்டதுதான். கூரையிலுள்ள சிலிண்டர்களில் அழுத்தி அடைக்கப்பட்ட ஹைட்ரஜன், எரிபொருள் கலத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்கிறது. மின்சாரம் பிறக்கிறது. மிஞ்சுவது நீரும் வெப்பமும்தான்.

இந்தத் தொழில்நுட்பம் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. 2003-இல் தொடங்கிய ஐரோப்பியத் திட்டத்தில் ஒன்பது நகரங்களில் 27 பேருந்துகள் விடப்பட்டன. 100 கிலோமீட்டர் ஓட அவற்றுக்கு 20 கிலோவுக்கும் மேல் ஹைட்ரஜன் தேவைப்பட்டது. பின்னர் வந்த பேருந்துகளில் பேட்டரியும் இணைக்கப்பட்டது. பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலை அது சேமித்து, மேட்டில் ஏறும்போது கைகொடுத்தது. எரிபொருள் தேவை பாதிக்கும் கீழே இறங்கியது. கலிபோர்னியாவில் சில எரிபொருள் கலங்கள் 25,000 மணி நேரத்தையும் தாண்டி உழைத்தன.

பிறகு ஏன் எல்லா ஊரிலும் இவை ஓடவில்லை? கனடாவின் விஸ்லர் நகரம் இதற்கு விடை சொல்கிறது. 2010 குளிர்கால ஒலிம்பிக்கையொட்டி அங்கு 20 ஹைட்ரஜன் பேருந்துகள் விடப்பட்டன. ஆனால், ஹைட்ரஜன் வந்ததோ நாட்டின் மறுகோடியிலுள்ள கியூபெக்கிலிருந்து! ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம் லோரிகளில் ஏற்றி வரப்பட்டது. செலவு கட்டுப்படியாகாமல் 2014-இல் திட்டம் கைவிடப்பட்டது. டீசல் பேருந்துகளே திரும்பி வந்தன.

பிரான்சின் மோன்பெலியே நகரமும் 2022-இல் 51 ஹைட்ரஜன் பேருந்துகள் வாங்கும் திட்டத்தைக் கைவிட்டது. அவற்றை ஓட்டும் செலவு மின்சாரப் பேருந்தைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு ஆகும் என்று கணக்குச் சொன்னதே காரணம்.

மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அதை மீண்டும் மின்சாரமாக்கும்போது மூன்றில் ஒரு பங்கு ஆற்றல்தான் சக்கரத்தைச் சேர்கிறது. ஆகவே, குறுகிய நகர வழித்தடங்களுக்குப் பேட்டரிப் பேருந்தே சிக்கனம். நீண்ட தூரம், விரைவாக எரிபொருள் நிரப்ப வேண்டிய தேவை ஆகியவை உள்ள இடத்தில்தான் ஹைட்ரஜனுக்கு வேலை.

நம் சரவாக் மாநிலம் 2019-இல் கூச்சிங்கில் ஹைட்ரஜன் உற்பத்தி நிலையத்தைத் திறந்தது. அங்கு நீர்மின்சாரம் தாராளமாகக் கிடைக்கிறது. விஸ்லருக்கு இல்லாத வசதி இது. ஆனாலும், ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவு என்ற கேள்வியிலிருந்து கூச்சிங்கும் தப்ப முடியாது. பேருந்துக்காகக் காத்து நிற்கும் ஏழைத் தொழிலாளிக்கு நீராவியைவிட நேரத்திற்கு வரும் பேருந்தும் கட்டுப்படியாகும் கட்டணமுமே முக்கியம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் பெரியவர்கள். பேருந்தை வாங்குமுன், எரிபொருள் எங்கிருந்து வரும் என்று கேட்போம்.