உறை மோரும் குடல் நோயும்

 

சாத்தூர் சேவைக் கொறிக்கிற நேரத்தில் இவன் மலத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று முகம் சுளிக்காதீர்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கும் பொறியாளனுக்கு இது அன்றாடப் பேச்சு.

புதிய நிலையம் கட்டியதும், நன்றாக ஓடும் வேறொரு நிலையத்திலிருந்து லாரியில் சேறு கொண்டுவந்து ஊற்றுவோம். அதிலுள்ள நுண்ணுயிர்கள் பெருகினால்தான் தொட்டி வேலை செய்யும். வீட்டில் அம்மா பாலுக்கு உறை ஊற்றுகிறார்களே, அதே சங்கதிதான்!

மருத்துவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஆண்டிபயாட்டிக் மாத்திரை கெட்ட கிருமியோடு குடலின் நல்ல கிருமிகளையும் அழித்துவிடும். அந்த இடத்தை 'டிஃபிசில்' என்ற கிருமி பிடித்துக்கொண்டால், வயிற்றுப்போக்கு விட்டுவிட்டு வரும். அப்போது ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்து, வடிகட்டி, குழாய் வழியே நோயாளியின் குடலுக்குள் செலுத்துகிறார்கள். 2013-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், இப்படிச் சிகிச்சை பெற்ற 16 பேரில் 15 பேர் குணமானார்கள். வான்கோமைசின் மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் குணமானவர்கள் 4 பேர்தான்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. பெருங்குடலில் புண் வந்து ரத்தமாகப் போகும் 'அல்சரேட்டிவ் கொலைடிஸ்' நோய்க்கு டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் செய்த ஆய்வு 2022-ல் வெளியானது. கிராமத்து மக்கள் தந்த மலத்தை வாரம் ஒரு முறையாக 7 முறை செலுத்தி, உணவுக் கட்டுப்பாடும் வைத்தார்கள். 35 பேரில் 23 பேருக்கு நல்ல பலன். வழக்கமான சிகிச்சை பெற்ற 31 பேரில் 11 பேருக்குத்தான் பலன். இதில் மலத்தின் பங்கு எவ்வளவு, உணவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

உறை கெட்டால் பாலும் கெடும். அமெரிக்காவில், சரியாகச் சோதிக்கப்படாத மலத்திலிருந்து மருந்துக்கு அடங்காத கிருமி தொற்றி ஒருவர் இறந்ததை அந்நாட்டு மருந்துத் துறை 2019-ல் அறிவித்தது. ஆகவே இது வீட்டில் செய்துபார்க்கும் கைவைத்தியம் அல்ல.

தம்பி தங்கைகளுக்கு இரண்டே வேண்டுகோள். வயிறு கொஞ்சம் கலங்கினாலே மருந்துக்கடையில் ஆண்டிபயாட்டிக் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் உறையை நீங்களே கொட்டிவிடாதீர்கள். மலத்தில் ரத்தம் கண்டால், மூலமாகத்தான் இருக்கும் என்று மூடி மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெட்கத்தில் கழியும் ஒவ்வொரு மாதமும் நோய்க்குத்தான் லாபம்.