நெஞ்சு இறுகும்போது
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வளர்ந்த எமக்குத் தொய்வு புதிய நோயல்ல. மாரி காலத்தில் வகுப்பில் ஒருத்திக்காவது இழுக்கும். போர்க்காலத்தில் ஷெல் சத்தம் கேட்டதும் சிலருக்கு முட்டுக் கூடிவிடும். "எல்லாம் பயம்தான், போய்த் தண்ணி குடி" என்பார்கள். பயம் மனத்தோடு நின்றுவிடுகிறதா, சுவாசக் குழாயையும் தாக்குகிறதா?

இதற்கு விடை தேட உதவியவை சுண்டெலிகள். முட்டை வெள்ளைக்கருப் புரதத்துக்கு ஒவ்வாமை உண்டாக்கப்பட்ட எலிகளைப் பெர்லின் ஆய்வாளர்கள் சத்தத்துக்கு உட்படுத்தினர். அவற்றின் சுவாசக் குழாய்கள் கூடுதலாக இறுகின, அழற்சியும் கூடியது என 2003இல் எழுதினர். எலிக்கு நடிக்கத் தெரியாது.

நெருக்கீடு நீடிக்கும் காலமும் முக்கியம். 2004இல் வெளியான கனடிய ஆய்வொன்றில், குறுகிய நெருக்கீடு எலிகளின் அழற்சியைக் குறைத்தது. நாட்கணக்கில் நீடித்த நெருக்கீடு அதைக் கூட்டியது. ஆபத்து வேளையில் அதிரீனற் சுரப்பி விடும் ஸ்டீரொய்ட் ஹோர்மோன் அழற்சியை அடக்கும். நெருக்கீடு ஓயாவிட்டால் நோயெதிர்ப்புக் கலங்கள் அந்த ஹோர்மோனுக்கு மசிவதில்லை. முரட்டு எலியோடு திரும்பத் திரும்ப அடைக்கப்பட்ட எலிகளில் இதைக் கண்டிருக்கிறார்கள்.

எலியில் கண்டதெல்லாம் மனிதருக்கும் பொருந்தாது. ஆயினும் 2006இல் ஆஸ்துமாப் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. நீண்டகால நெருக்கீட்டோடு பெருந்துயர் ஒன்றையும் சந்தித்த பிள்ளைகளின் வெண்குருதிக் கலங்களில், அந்த ஹோர்மோனை ஏற்கும் வாங்கிக்குரிய மரபணு குறைவாகவே தொழிற்பட்டது. முட்டைத் தணிக்கும் இன்ஹேலர் மருந்து பற்றும் வாங்கியின் மரபணுவும் அவ்வாறே.

சகோதரிகளே, எம்மில் பலர் ஆண்டுக்கணக்கில் போருக்குள் வாழ்ந்தோம். அதன் நடுவே 2004 டிசம்பர் 26இல் கடலும் ஊருக்குள் வந்தது. எம் தோழியருக்கு வந்த முட்டைப் பயந்த சுபாவம் என்று தள்ளிவிட இனி நியாயமில்லை.

இன்று ஆசிரியைகளாக இருப்போர், இழுக்கும் பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, இன்ஹேலரைக் கொடுத்து, பக்கத்திலேயே இருங்கள். தணியாவிட்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்போர், சுகமென்று நினைத்துத் தடுப்பு இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். மனப்பாரத்தையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவும் நோயின் வரலாறுதான்.