சின்னப் பிள்ளைகளின் பழைய உடுப்பும் சாமான்களும்
(ஜூபிலி ஆண்டையொட்டி நடந்த தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலியின் நினைவாக, பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன துணிமணிகளையும் சாமான்களையும் சேகரித்து இல்லாத வீடுகளுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை எழுந்திருக்கிறது. அதைப் பற்றிச் சில வார்த்தை பேசும்படி என்னைப் பணித்தார்கள். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் கடற்கரையில் குடியிருக்கும் நமக்குப் பழந்துணி என்றாலே ஒரு கசப்பு உண்டு. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை அடித்துப்போன பிறகு நாகப்பட்டினம், கடலூர் கரைகளுக்கு நாலா திசையிலிருந்தும் லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. கிழிந்தது, கறைபட்டது, பட்டன் போனது, நம் வெயிலுக்கு ஆகாதது என்று எல்லாம் ஒரே மூட்டையில். வலை இழுத்துப் பிழைத்த ஜனங்கள், எவரிடமும் கையேந்தி அறியாதவர்கள், அவற்றைத் தொட மறுத்தார்கள். துணி சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்து மண்ணானது. அதன் பின்னர் டெல்லியில் 1999-இல் அன்ஷு குப்தா என்பவர் தொடங்கிய 'கூஞ்ச்' என்னும் தொண்டு நிறுவனத்தார் வந்து, அந்தக் குவியல்களை அள்ளித் தரம் பிரித்து, உதவக்கூடியதை வேண்டிய இடங்களுக்குக் கொண்டு சேர்த்தார்கள். துணி வந்ததே ஒரு கஷ்டம்; அதை அப்புறப்படுத்துவது இன்னொரு கஷ்டமாயிற்று.

அனுப்பியவர்கள் கெட்டவர்களா? இல்லை. வீட்டில் அலமாரி காலியான திருப்தியும், தர்மம் செய்த திருப்தியும் அவர்கள் மனத்தில் ஒன்றாய்க் கலந்துவிட்டன. அந்தக் கலப்பு நமக்கும் வரும், தாய்மார்களே.

அதற்காகப் பழையது இழிவு என்று சொல்லிவிட முடியுமா? நம் வீடுகளில் பிறந்த சிசுவுக்கு முதலில் சுற்றுவதே பழைய வேட்டிதானே! புதுத்துணி ஆகாது என்று பாட்டிமார் சொல்வார்கள். பலமுறை தோய்த்த துணியில் கஞ்சிப்பசை போயிருக்கும், நூல் இளகியிருக்கும், பச்சை உடம்பில் உராயாது. தூளி கட்டுவதும் அம்மாவின் பழைய நூல்புடவையில்தான். ஞானஸ்நான உடுப்பு ஒன்று அக்காள் பிள்ளைக்கும் தங்கை பிள்ளைக்கும் மாறி மாறி வந்துகொண்டிருக்கும். யாரும் அதை அவமானமாக எண்ணுவதில்லை. காரணம், அத்தை கொடுக்கும் சட்டை தோய்த்து மடித்து வருகிறது. நாளைக்கு அதைப் போட்டுக்கொண்டு பிள்ளை தன் முன்னால்தான் நிற்கும் என்று அத்தைக்குத் தெரியும். முகம் தெரியாத பிள்ளைக்குக் கொடுக்கும்போதும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணன் மகனுக்குக் கொடுக்கக் கூசுவதை மூட்டையில் போடாதீர்கள். அது கரித்துணிக்கு ஆகட்டும். அல்லது பழந்துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறவரிடம் போகட்டும்.

சில சாமான்களை எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் கொடுக்கவே கூடாது. முதலாவது பால்புட்டி. புட்டியின் மூலையிலும் ரப்பரின் துளையிலும் தங்கும் பாலில் கிருமி வளர்ந்து பிள்ளைக்குப் பேதியாகும். 2006 மே மாதம் ஜாவாத் தீவில் யோக்யகர்த்தா நகரத்துப் பக்கம் பூமி அதிர்ந்தபோது, இரக்கப்பட்டவர்கள் பால்மாவை அள்ளிக் கொடுத்தார்கள். பிறகு இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். தானமாகப் பால்மாவு கிடைத்தவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு வயிற்றுப்போக்கு. கிடைக்காதவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கும் குறைவு. நம் நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தாய்ப்பாலுக்குப் பதிலான பால்மாவையோ பால்புட்டியையோ அனாதை இல்லங்களுக்கன்றி வேறு எவருக்கும் தானம் செய்யக்கூடாது. நம்மில் பலருக்கு இது புதுச்செய்தியாக இருக்கும். ஆகவே புட்டியும் டப்பாவும் வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்கு ஏதாவது செய்ய மனமிருந்தால் அவளுக்கு மீன்குழம்பு வைத்துக் கொடுங்கள்.

இரண்டாவது, பிள்ளையை நடுவில் உட்காரவைத்து உருட்டும் சக்கர வாக்கர். அதில் பிள்ளை கண் இமைக்கும் நேரத்தில் படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் போய்விடும். கானடா தேசம் 2004-இல் இதன் விற்பனையையே தடை செய்தது. பழையதை வீட்டு வாசலில் வைத்து விற்பதும் அங்கே குற்றம். நம் பழைய மர நடைவண்டி வேறு; பிள்ளை பின்னால் நின்று தள்ளுவது. ஆணி கழன்றிருக்கிறதா என்று பார்த்துத் தாராளமாகக் கொடுக்கலாம். சாயம் உரியும் பொம்மையைக் கொடுக்காதீர்கள். பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம், பிள்ளை வாயில்தான் வைக்கும்.

இனி, கொடுக்கும் விதம். வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பதை நான் விரும்பவில்லை. புதுச்சேரியில் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மலிவுத் துணியைப் புரட்டிப் பார்த்து, பேரம் பேசி வாங்குகிறவள் தலைகுனிவதில்லை. அவள் வாடிக்கைக்காரி, பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று நகர்ந்துவிடலாம். அயர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நம் வின்சென்ட் தே பவுல் சபையே பழம்பொருள் கடைகள் நடத்துகிறது. அங்கேயும் விலை உண்டு. நாமும் பூசைக்குப் பிறகு மேசை போட்டு, ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று விலை வைப்போம். வசதியுள்ளவர்களும் வந்து வாங்குங்கள். அப்போதுதான் அது ஏழைகளின் மேசை என்று பெயரெடுக்காது. அதுவும் கொடுக்க முடியாத வீட்டைச் சபைச் சகோதரர்கள் அறிவார்கள். அவர்கள் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்வார்கள். மழைக்காலத்தில் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றிருக்கும். பிள்ளைகளுக்குக் கெட்டித்துணி வேண்டியதும் அப்போதுதான். அந்த மாதங்களில் அந்தப் பக்கத்துக் குடும்பங்களையும் நினைத்துக்கொள்ளலாம். போட்டோ எடுக்க வேண்டாம்.

ஒரு சங்கடம் மீதி இருக்கிறது. புதுநன்மை உடுப்பு. ஒரே ஒரு நாள் போட்ட வெள்ளைக் கவுன், முக்காடு, வெள்ளைச் சப்பாத்து எல்லாம் பல வீடுகளில் பெட்டியில் மஞ்சளித்துக் கிடக்கின்றன. இங்கேயே இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தால், "அது என் பழைய கவுன்" என்று ஞானோபதேச வகுப்பில் ஒரு குரல் எழும். பிள்ளை வாய்க்குப் பூட்டு ஏது? ஆகையால் நம்முடையவற்றைப் பக்கத்துப் பங்குக்குக் கொடுத்து, அவர்களுடையதை நாம் வாங்கிக்கொள்வோம். சுவாமியவர்கள் சம்மதித்தால் ஒரு கடிதம் போதும்.

அந்த உடுப்புகளையே முதலில் கொண்டுவாருங்கள். தோய்த்து, வெயிலில் காயவைத்து, அறுந்த பட்டனைத் தைத்து, வயதையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதி ஊசியால் குத்தி, அடுத்த ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் என்னிடமோ கன்னியர்களிடமோ கொடுங்கள். சப்பாத்து ஜோடியாக இருக்கட்டும்.