உதுக்குள்ளை ஆக்கள் இருக்கினமோ?



செய்மதி என்ற சொல்லை நாம் நாள்தோறும் செய்திகளிலே கேட்கின்றோம். தமிழ்நாட்டிலே செயற்கைக்கோள் என்பார்கள். எனக்கென்னவோ நமது சொல்லே பிடித்திருக்கின்றது. செய்த மதி, மனிதன் செய்த சந்திரன். சந்திரனைப் போலவே இதற்கும் சொந்த ஒளி கிடையாது. நமக்கு இருட்டிய பின்னரும் நானூறு கிலோமீற்றர் உயரத்திலே சிறிது நேரம் வெயில் எறித்துக்கொண்டிருக்கும். அந்த வெயில் பட்டுத்தான் அது நம் கண்ணுக்கு ஓடுகின்ற வெள்ளியாகத் தெரிகின்றது.

இந்த ஓடும் வெள்ளியைப் படம்பிடிக்க வேண்டும் என்ற ஆசை நண்பர் ஒருவருக்கு வந்தது. கலியாண வீடுகளில் படம் எடுப்பது அவர் தொழில். பறவைகளைப் படம் எடுப்பது பொழுதுபோக்கு. பறவைகளுக்கென வாங்கிய 600 மில்லிமீற்றர் ரெலிபோட்டோ லென்ஸ் ஒன்று அவரிடம் உண்டு. ஒரு மாலை, வெள்ளவத்தையில் அவருடைய வீட்டு மொட்டை மாடிக்கு என்னையும் அழைத்தார். அவருடைய தாயாரும் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு எங்களுடன் இருந்தார்.

சர்வதேச விண்வெளி நிலையம் சிறியதொரு பொருளன்று. அதன் அகலம் 109 மீற்றர். ஏறக்குறைய ஓர் உதைபந்தாட்ட மைதானத்தின் நீளம். ஆனால், தலைக்கு நேர் மேலே வந்தாலும் அது நானூறு கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கிறது. 600 மில்லிமீற்றர் லென்ஸ் அதனை எவ்வளவு பெரிதாகக் காட்டும் என்று கணக்குப் பார்த்தோம். கமராவின் உள்ளே விழும் உருவம் ஒரு மில்லிமீற்றரின் ஆறில் ஒரு பங்கு! அதுவும் ஓரிடத்தில் நிற்காது. செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேல் ஓடுகின்றது. கமராவின் கதவு ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூடினாலும் அதற்குள் அது ஏழெட்டு மீற்றர் நகர்ந்துவிடும்.

லென்ஸைத் தானாகக் குவிய விடக்கூடாது. முன்கூட்டியே பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக் கையாலே குவித்து, அசையாமல் ஒட்டுநாடா ஒட்டிவிட வேண்டும். பிறகு, ஓடும் புள்ளியைக் கையாலே துரத்த வேண்டும். நமக்கும் அதற்கும் இடையில் கிடக்கும் காற்றோ, அடுப்பின் மேல் எழும் அனலைப் போல எப்போதும் நெளிந்துகொண்டிருக்கும். நண்பர் அன்று நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார். பெரும்பாலானவற்றில் கிடைத்தது வெறும் இருட்டு. சிலவற்றில் ஒரு வெள்ளைக் கீறு. ஒன்றே ஒன்றில் மட்டும், பெருப்பித்துப் பார்த்தபோது, நடுவில் ஒரு தண்டும் இருபுறமும் பொன்னிறச் சிறகுகளும் போல ஏதோ தெரிந்தது. அந்தச் சிறகுகள் சூரியத் தகடுகள். அதைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்:

"உதுக்குள்ளை ஆக்கள் இருக்கினமோ?"

நாங்கள் அகலத்தையும் வேகத்தையும் கணக்கிட்டோமேயன்றி, இந்தக் கேள்வியை எங்களிடம் நாங்களே கேட்கவில்லை. வெறும் கண்ணுக்கு அது நட்சத்திரங்களோடு இன்னொரு நட்சத்திரம். படத்திலே, எத்துணை மங்கலாக இருந்தாலும், ஒரு வடிவம் வந்துவிடுகின்றது. வடிவம் வந்தவுடன் அது ஒரு வீடாகிவிடுகின்றது.

படம் கேட்டும் கிடைக்காத ஒரு சம்பவம் உண்டு. 2003 ஜனவரி 16ஆம் திகதி கொலம்பியா விண்ணோடம் ஏழு பேருடன் புறப்பட்டது. ஹரியானா மாநிலத்துக் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் அவர்களுள் ஒருவர். புறப்பட்டு 82 செக்கன் அளவில் எரிபொருள் தாங்கியிலிருந்து பிரிந்த நுரைப்பொருள் துண்டொன்று இடது சிறகில் மோதியது. மறுநாள் ஒளிப்பதிவுகளைப் பார்த்த பொறியியலாளர் சிலர் கலங்கினர். இராணுவத்தின் வசமுள்ள கருவிகளால், சுற்றுப்பாதையிலே இருக்கும் ஓடத்தைப் படம் எடுத்துத் தரும்படி கேட்க வேண்டும் என்றனர். ஒரு முறையல்ல, மூன்று தடவைகள் அந்த வேண்டுகோள் எழுந்தது. மூன்று தடவையும் அது நிறைவேறவில்லை. சேதம் இருந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற எண்ணமும் அங்கே நிலவிற்று.

ஹவாய் தீவுகளில் மாவுய் என்னுமிடத்திலுள்ள விமானப்படை அவதானிப்பு நிலையம் ஜனவரி 28ஆம் திகதி ஓடத்தைப் படம் எடுத்தது உண்மைதான். அப்படத்தில் சிறகின் காயம் தெரியவில்லை. பெப்ரவரி முதலாம் திகதி காலை ஓடம் திரும்பி வரும்போது, நியூமெக்சிக்கோவில் விமானப்படை ஆய்வுகூடப் பணியாளர் சிலர் ஒரு சிறு தொலைநோக்கியையும் ஒரு பழைய கணினியையும் வைத்துக்கொண்டு ஒரு படம் எடுத்தார்கள். அதில் இடது சிறகின் முன் விளிம்பு இயல்புக்கு மாறாகத் தோன்றிற்று. சில நிமிடங்களில் ஓடம் டெக்சாசின் வானத்தில் சிதறியது. ஏழு பேரும் மாண்டனர்.

நல்ல படம் ஒன்று கிடைத்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆயினும், அடுத்த பயணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த அட்லாண்டிஸ் ஓடத்தை அனுப்பி மீட்பது கடினமாயினும் கூடிய காரியமே என்பது பின்னர் நடந்த ஆய்விலே தெரியவந்தது. இனி ஒவ்வொரு பயணத்திலும் ஓடத்தைச் சுற்றுப்பாதையிலே படம் எடுப்பது வழக்கமாக்கப்பட வேண்டும் என்று விசாரணைச் சபையும் விதந்துரைத்தது. பார்த்தாலும் பயனில்லை என்று பாராமல் இருந்ததை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

ஆறாண்டுகள் கழிந்தன. 2009 மே மாதம் அதே அட்லாண்டிஸ், ஹபிள் தொலைநோக்கியைச் செப்பனிட ஏழு பேருடன் சென்றது. ஆபத்து நேர்ந்தால் விண்வெளி நிலையத்தில் ஒதுங்க வழியில்லாத பாதை அது. ஆகையால், என்டெவர் என்ற மற்றோர் ஓடத்தை மீட்புக்கென ஏவுதளத்திலே ஆயத்தமாக நிறுத்தியிருந்தார்கள். தியெரி லெகோ என்ற பிரெஞ்சுக்காரர் புளோரிடாவுக்குச் சென்று, மே 12ஆம் திகதி, அட்லாண்டிஸ் சூரியனுக்கு முன்னால் கடக்கும் தருணத்துக்காகக் காத்திருந்தார். கடக்கும் நேரம் ஒரு செக்கனுக்கும் குறைவு. கண்டபின் விசையை அழுத்தினால் பிந்திவிடும். அதனால் கணித்த நேரத்துக்கு முன்பே தொடர்ச்சியாக எடுக்கத் தொடங்கிவிட வேண்டும். அவர் கமராவின் கதவு திறந்தது ஒரு செக்கனின் எண்ணாயிரத்தில் ஒரு பங்கு. சூரியனின் ஒளியை மிகக் குறைக்கும் வடி இருந்தது. அது இல்லாமல் யாரும் லென்ஸைச் சூரியனிடம் திருப்பக்கூடாது, கண் போய்விடும்.

அந்தப் படத்திலே, பெரிய மஞ்சள் வட்டத்தின் மேல், எறும்பளவில் கரிய ஓடம் தன்னந்தனியே நிற்கின்றது. மறுநாள் எடுத்ததில் ஹபிளும் பக்கத்தில் இன்னொரு புள்ளியாக நிற்கின்றது. அதே 12ஆம் திகதிதான் உள்ளே இருந்தவர்கள், நீண்ட கையொன்றின் நுனியில் கருவிகளைப் பொருத்தி, தங்கள் ஓடத்தில் காயம் உண்டா என்று தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லெகோவின் படத்தை நண்பரின் தாயாருக்குக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏழு பேரோ? அவையள் திரும்பி வந்திட்டினமோ, தம்பி?"

"வந்திட்டினம் அம்மா. மே 24ஆம் திகதி கலிபோர்னியாவிலை இறங்கினவை" என்றேன்.